கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பு கல்லடியில் கணினி திருத்தும் சிறு கடை ஒன்றையும், அதன் பின்னறையில் உயர்தர மாணவர்களுக்கான தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பையும் நடத்தி வருகிறேன். சில ஆண்டுகளாகக் கணினிகளோடு சேர்த்துக் கேள்விகளும் திருத்துவதற்காக என் மேசைக்கு வந்து சேர்கின்றன. "சேர், இதைப் போட்டு மூன்று நாள் ஆயிற்று, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை" என்று ஏறாவூரிலிருந்து வரும் மாணவி கைபேசியை நீட்டுவார். அக்கரைப்பற்றில் கடைகளுக்குப் பற்றுச்சீட்டு மென்பொருள் எழுதும் இளைஞர் "கேள்வியையே மூடிவிட்டார்கள்" என்று மனம் நொந்து வருவார். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்டாலும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கேட்டாலும், வட்ஸ்அப் குழுவில் கேட்டாலும் பழுதுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மின்விசிறி சுழலவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றும் முன் பிளக்கைப் பார்ப்பதுபோல, கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். பதில் எழுதுவோரில் பெரும்பாலானோர் சம்பளமின்றித் தமது ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் அறிகுறிக்கு நேரே செல்லுங்கள்.

## அறிகுறி 1: எந்தப் பதிலும் இல்லை

### உண்மையிலேயே கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் சுகம் விசாரித்து, தேநீர் வந்து, அதில் பாதியைக் குடித்த பிறகுதான் வந்த காரியத்தைத் தொடங்குவோம். அந்த நல்ல பழக்கம் மென்பொருள் குழுக்களுக்குள்ளும் கூடவே வந்துவிடுகிறது. "வணக்கம்" என்றும், "இங்கே பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?" என்றும், "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றும் எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்கு "ஆம்" என்று சொல்பவர், என்னவென்றே தெரியாத ஒரு வேலையைத் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஆகவே விடயம் தெரிந்தவரும் பேசாமல் கடந்து போய்விடுகிறார்.

சோதனை எளிது. உங்கள் முதற் செய்தியை மட்டும் படிக்கும் ஒருவர், உங்களிடம் வேறெதுவும் கேட்காமல் பதில் எழுதத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் சேர்த்து மீண்டும் எழுதுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற தளங்களில் "அன்புள்ள ஐயா", "முன்கூட்டிய நன்றி" போன்றவற்றைப் பிறர் திருத்தி நீக்கிவிடுவதும் உண்டு; அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை, அங்கு அது வழக்கம்.

### தலைப்பு என்ன சொல்கிறது?

"அவசரம்", "உதவி தேவை", "புரோகிராம் வேலை செய்யவில்லை" என்ற தலைப்புகளைப் பார்த்து எவரும் உள்ளே வருவதில்லை. மென்பொருளின் பெயர், செய்த செயல், கண்ட விளைவு ஆகிய மூன்றும் தலைப்பில் இருக்க வேண்டும். "எக்செல் பிரச்சினை" என்பதை "யூ.டி.எஃப். 8 முறையில் சேமித்த சீ.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் விளங்காத குறிகளாகத் தெரிகின்றன" என்று மாற்றினால், அதே தொல்லையை அனுபவித்த ஒருவர் தலைப்பைக் கண்ட மாத்திரத்திலேயே நின்றுவிடுவார். "அவசரம்" என்ற சொல்லைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து ஒன்று உண்டு: நாளை ஒப்படை கொடுக்க வேண்டியது உங்கள் அவசரமே தவிர, ஜேர்மனியில் அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவருடையது அன்று.

### இடமும் நேரமும்

கிட்ஹப்பில் பெரும்பாலான திட்டங்கள் "இஷ்யூஸ்" பகுதியை மென்பொருளின் பிழைகளை அறிவிப்பதற்காக வைத்திருக்கின்றன, "இதை எப்படிச் செய்வது?" என்ற கேள்விகளுக்குப் பல திட்டங்களில் "டிஸ்கஷன்ஸ்" என்ற தனிப் பகுதி இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை (கெர்னல்) எழுதுவோரின் அஞ்சல் குழுவுக்கு எச்.டி.எம்.எல். வடிவில் மின்னஞ்சல் அனுப்பினால் அது திருப்பப்பட்டுவிடும். அங்கு வெறும் எழுத்தாக மட்டுமே அனுப்ப வேண்டும். எந்தக் குழுவானாலும், மேலே பின் செய்து வைத்திருக்கும் விதிகளைப் படிக்க ஐந்து நிமிடங்கள் போதும்.

நேரத்தையும் பாருங்கள். இலங்கையில் காலை 9 மணி என்பது நியூ யோர்க்கில் முந்தைய நாள் இரவு, மாரியில் 10.30, கோடையில் 11.30. நம் இரவு 8 மணி அங்கே காலையாகவும் ஐரோப்பாவில் பிற்பகலாகவும் இருக்கும். வேகமாக நகரும் டிஸ்கோர்ட் போன்ற அரட்டைக் குழுக்களில் காலை வகுப்புக்கு முன் போட்ட கேள்வி, பதில் தெரிந்தவர் விழிப்பதற்குள் நூறு செய்திகளுக்கு மேலே போய்விடுகிறது. ஆறியமரப் படிக்கப்படும் கேள்வித் தளங்களில் இதன் பாதிப்பு குறைவு.

### இவையெல்லாம் சரியாக இருந்தால்

அரட்டைக் குழுவில் ஒரு நாளும், கேள்வித் தளத்தில் இரண்டு மூன்று நாள்களும் காத்திருங்கள். அதன் பிறகு "யாராவது?" என்று எழுதாமல், இதற்கிடையில் செய்து பார்த்ததையும் கண்டதையும் சேர்த்துக் கேள்வியைத் திருத்துங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் திருத்தப்பட்ட கேள்வி அண்மையில் இயங்கியவற்றின் பட்டியலில் மீண்டும் மேலே வரும். அதற்கும் பதில் இல்லை என்றால் கேள்வி உண்மையிலேயே கடினமானதாக இருக்கலாம், அல்லது அந்த மென்பொருளை மிகச் சிலரே பயன்படுத்தலாம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளாயின் விற்றவரின் உதவிப் பிரிவை அழையுங்கள். உங்கள் பணத்தில் அதுவும் அடங்கியிருக்கிறது.

## அறிகுறி 2: பதிலுக்குப் பதிலாகக் கேள்விகளே வருகின்றன

"எந்தப் பதிப்பு?", "பிழைச்செய்தி என்ன?", "நிரலைக் காட்டுங்கள்" என்று வரிசையாகக் கேட்கிறார்களே என்று மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது நல்ல அறிகுறியாகவே தோன்றுகிறது. ஒருவர் உங்கள் சிக்கலுக்குள் நுழைய வாசலைத் தேடுகிறார். எனினும் மூன்றாவது கேள்வியோடு அவர் களைத்துப் போய்விடுவார் என்பதால், அவர் கேட்கக் கூடியவற்றை முன்கூட்டியே கொடுப்பதே திருத்தம்.

### பதிப்பு எண் இல்லை

விண்டோசில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருசேர அழுத்தி "வின்வர்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் பதிப்பு தெரியும். லிப்ரே ஓஃபிசில் உதவிப் பட்டியலின் கீழுள்ள "எபவுட்" பெட்டியில் பதிப்பு விவரத்தை அப்படியே நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது. "புதிய வெர்ஷன்" என்று எழுதாதீர்கள். அந்தக் கேள்வியை அடுத்த வருடம் படிப்பவருக்கு அது பொருளற்றது.

### பிழைச்செய்தி படமாக இருக்கிறது

திரைக்கு முன்னால் கைபேசியைப் பிடித்து, மேலே மின்குமிழின் வெளிச்சம் விழ, சாய்வாக எடுத்த படம்தான் என்னிடம் வரும் கேள்விகளில் மிகப் பரவலான பழுது. படத்திலுள்ள எழுத்தைப் பதில் சொல்பவர் நகலெடுத்துத் தேட முடியாது. திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற நிரலாளருக்கு அதில் ஒன்றுமே இல்லை. டேட்டா குறைவாக உள்ளவருக்கு அது திறப்பதற்கே நேரமாகும். விண்டோசின் வழக்கமான பிழைப்பெட்டி திரையில் இருக்கும்போது கன்ட்ரோல் விசையோடு சீ விசையை அழுத்தினால், பெட்டியிலுள்ள எழுத்து முழுவதும் நகலாகிவிடும் என்பது பத்து வருடம் கணினி பாவித்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கட்டளைச் சாளரத்தில் வேண்டிய பகுதியைத் தெரிவு செய்து என்டர் விசையை அழுத்தினாலே போதும். தோற்றத்தில்தான் சிக்கல் என்றால், எடுத்துக்காட்டாக எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால், அப்போது ஸ்கிரீன்ஷொட் சரியான சான்று.

பைத்தானில் பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஆனால் குழுவில் போடும்போது கடைசி வரியை மட்டும் வெட்டிப் போடாமல் முழுவதையும் போடுங்கள், ஏனென்றால் எந்தக் கோப்பின் எந்த வரியில் தடுக்கி விழுந்தது என்பது மேலேயுள்ள வரிகளில்தான் இருக்கிறது.

### நிரல் வழியில் சிதைந்துவிட்டது

உங்கள் கணினியில் இருக்கும் நிரலும் குழுவில் தெரியும் நிரலும் ஒன்றுதானா என்று அனுப்பிய பிறகு ஒருமுறை பாருங்கள். வட்ஸ்அப் இரு உடுக்குறிகளுக்கு (*) இடையிலுள்ளதைத் தடித்த எழுத்தாகவும், இரு அடிக்கோடுகளுக்கு இடையிலுள்ளதைச் சாய்ந்த எழுத்தாகவும் மாற்றி, அந்தக் குறிகளை விழுங்கிவிடக் கூடும். பல தளங்களில் பைத்தானின் "இனிட்" முறையின் இருபுறமும் உள்ள இரட்டை அடிக்கோடுகள் மறைந்து, பெயர் தடித்த எழுத்தாக மட்டும் நிற்கும். கைபேசியில் தட்டினால் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடக் கூடும். பைத்தானில் வரியின் தொடக்க இடைவெளி நிரலின் பொருளையே மாற்றும் என்பதால், அது இழந்துபோன நிரலைப் படித்துப் பதில் சொல்வது குறி சொல்வதற்கு ஒப்பானது. நிரலுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று பின்சாய்வு மேற்கோள் குறிகளை (பேக்டிக், `) இட்டால் வட்ஸ்அப்பிலும் டிஸ்கோர்டிலும் கிட்ஹப்பிலும் அது தட்டியபடியே நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "என் தளத்தைப் பாருங்கள்" என்று "லோக்கல்ஹோஸ்ட்" முகவரியை அனுப்புகிறவர்கள் வருடத்துக்கு நான்கைந்து பேராவது வருகிறார்கள். அந்த முகவரி திறப்பவரின் கணினியையே சுட்டும். அவர் அதைச் சொடுக்கித் தமது வீட்டு வாசலிலேயே நிற்பார்.

### நிரல் மிக நீளம்

நானூறு வரிகளை முழுதாக ஒட்டிவிட்டு "எங்கே பிழை?" என்று கேட்டால், அதைப் படிக்க ஒருவருக்கு அரை மணி நேரம் வேண்டும். கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, சிக்கலோடு தொடர்பற்றதாகத் தோன்றும் பாதியை நீக்கி ஓட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வந்தால் மீதியிலும் பாதியை நீக்குங்கள். பிழை போய்விட்டால், நீக்கிய பாதியில்தான் அது இருந்தது என்று தெரிந்துவிட்டது. நானூறு வரிகள் ஐந்து முறையில் பன்னிரண்டு, பதின்மூன்று வரிகளுக்குச் சுருங்கிவிடும். என் வகுப்பில் இந்த வேலையைச் செய்யச் சொல்லி அனுப்பினால், அரைவாசிப் பேர் கேள்வியைப் போடாமலேயே திரும்பி வருகிறார்கள்; பிழை வழியிலேயே அகப்பட்டுவிடுகிறது.

சாட் ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய நிரல் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அக்கருவிகள் சில சமயம் இல்லாத செயற்கூற்றை (ஃபங்ஷனை) இருப்பதுபோல எழுதிவிடும். அதை அறியாதவர் நீங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகத்தின் (ஆயத்த நிரல்களின் தொகுப்பின்) பதிப்பு பழையதோ என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்பார். இவ்வாறு உருவாக்கிய பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசெம்பரிலேயே தடை செய்தது.

## அறிகுறி 3: கேள்வியை மூடிவிட்டார்கள்

மூடுவது அழிப்பது அன்று, புதிய பதில்கள் வராமல் நிறுத்திவைப்பதே. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போதிய புள்ளிகள் உள்ள மூவர் வாக்களித்தால் கேள்வி மூடப்படும். காரணம் கேள்வியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் அதே கேள்வியைப் புதிதாகப் போடுவதுதான் நான் காணும் மிக விலை கூடிய தவறு, ஏனெனில் வரவேற்பில்லாத கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கணக்கிலிருந்து மேலும் கேட்பதைத் தளம் தானாகவே தடுத்துவிடும். நீங்கள் அழித்த கேள்விகளும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

"ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்றிருந்தால்: சுட்டியிருக்கும் பழைய கேள்வியைத் திறந்து, அதிலுள்ள முதல் பதிலை மட்டுமன்றி எல்லாப் பதில்களையும் செய்து பாருங்கள். விண்டோசில் பைத்தானை நிறுவிவிட்டு, கட்டளைச் சாளரம் "பைத்தானை" அடையாளம் காணவில்லை என்று வரும் பிழை இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு; நிறுவும்போது, விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் "பாத்" பட்டியலில் சேர்க்கும் சிறு பெட்டியில் குறியிடாததே அநேகமாகக் காரணம், அதற்கான பதில் பல வருடங்களாக அங்கே இருக்கிறது. உங்கள் நிலை உண்மையிலேயே வேறு என்றால், பழைய பதிலைச் செய்து பார்த்ததையும் எந்த இடத்தில் அது பொருந்தவில்லை என்பதையும் எழுதிக் கேள்வியைத் திருத்துங்கள்.

"தெளிவு போதாது" என்றிருந்தால்: அறிகுறி 2 க்குத் திரும்புங்கள்.

"கருத்துச் சார்ந்தது" என்றிருந்தால்: "எது சிறந்த மொழி?" போன்ற கேள்விக்கு அந்தத் தளம் இடம் தராது. அதை டிஸ்கோர்டிலோ நண்பர் குழுவிலோ கேளுங்கள், அல்லது வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூத்த மாணவர்களிடம் நேரில் கேளுங்கள். அவர்கள் ஒன்றுக்கு மூன்று கருத்து வைத்திருப்பார்கள்.

## அறிகுறி 4: பதில்கள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் என் சிக்கல் தீரவில்லை

இந்தப் பழுதைத் தனியே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் கேட்டவரும் சொன்னவரும் இருவருமே தவறு செய்யாததுபோலத் தோன்றும்.

காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்குப் பற்றுச்சீட்டு மென்பொருள் எழுதிய இளைஞர் ஒருவர், "பைத்தானில் யூனிகோட் தமிழை அஸ்கியாக மாற்றுவது எப்படி?" என்று கேட்டிருந்தார். மூன்று பேர் பதில் சொல்லியிருந்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த பழைய குறியீட்டு முறையான அஸ்கியில் தமிழ் எழுத்துகள் இல்லை என்றார் ஒருவர். மாற்ற முடியாத எழுத்துகளை விட்டுவிடும் வழியைக் காட்டினார் மற்றவர். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கும் நூலகம் ஒன்றைச் சொன்னார் மூன்றாமவர். மூன்றும் சரியான பதில்கள். இரண்டாவதைச் செய்து பார்த்தபோது பொருட்களின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக அச்சாகியது.

"அஸ்கி எதற்கு, தம்பி?" என்று நான் கேட்ட பிறகுதான் விடயம் வெளிவந்தது. கடையிலிருக்கும் வெப்ப அச்சுப்பொறி தமிழுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளை அச்சிட்டது. அஸ்கியாக மாற்றினால் சரிவரும் என்பது அவருடைய ஊகம். கேள்வியில் சிக்கல் இருக்கவில்லை, ஊகம் மட்டுமே இருந்தது. பதில் சொன்ன மூவரும் அந்த ஊகத்துக்கு உதவினார்கள்.

அத்தகைய அச்சுப்பொறிகளின் உள்ளே பதித்திருக்கும் எழுத்து அட்டவணைகளில் பொதுவாகத் தமிழ் கிடையாது. இருந்தாலும்கூட, "கொ" என்பதில் ஒரு குறி மெய்யின் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் நிற்க வேண்டும் என்பதை அவை அறியா. ஆகவே வரியைக் கணினியிலேயே தமிழ் எழுத்துருவில் படமாக வரைந்து, அந்தப் படத்தை அச்சுப்பொறிக்கு அனுப்புவதே வழி. கேள்வியை இவ்வாறு மாற்றி எழுதினோம்: "80 மி.மீ. வெப்ப அச்சுப்பொறியில் பைத்தான் மூலம் தமிழில் பற்றுச்சீட்டு அச்சிட வேண்டும். ஆங்கிலம் சரியாக வருகிறது, தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வருகின்றன. அஸ்கியாக மாற்றிப் பார்த்தேன், அந்த இடம் வெறுமையாகிறது. நான் பயன்படுத்தும் நூலகமும் பதிப்பும் இவை." மறுநாள் காலையில் படமாக அனுப்பும் நிரலோடு பதில் வந்திருந்தது.

சோதனை இதுதான்: உங்கள் கேள்வியை வாசித்து, "எதற்காக?" என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். வரும் விடை கேள்வியில் எழுதப்படவில்லை என்றால் எழுதிச் சேர்த்துவிடுங்கள். வேண்டியது என்ன, நடப்பது என்ன, ஏற்கெனவே செய்து பார்த்தது என்ன என்ற வரிசையில் எழுதினால் இந்தப் பழுது அநேகமாக நீங்கிவிடும்.

பதிலில் தந்த கட்டளையை ஓட்டுவதற்கு முன், குறிப்பாக அது எதையாவது அழிப்பதாகவோ நிர்வாகி அனுமதி கேட்பதாகவோ இருந்தால், அதன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று பாருங்கள். வன்தட்டிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால் எந்தக் குழுவின் ஆலோசனையையும் செய்து பார்க்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொண்டு போங்கள். ஒவ்வொரு முயற்சியும் மீட்கக் கூடியதைக் குறைக்கும். நோன்புப் பெருநாள் வியாபாரத்தின் நடுவே கடையின் பற்றுச்சீட்டுக் கணினி நின்றுவிட்டாலும் அவ்வாறே, கேள்வி எழுதுவதை விட்டுவிட்டு மென்பொருள் தந்தவரை அழையுங்கள்.

## அறிகுறி 5: முகத்தில் அடித்தாற்போலப் பதில் சொல்கிறார்கள்

முதலில் அது உண்மையிலேயே முரட்டுத்தனமா, வெறும் சுருக்கமா என்று பிரித்துப் பாருங்கள். "கையேட்டின் இந்தப் பகுதியைப் பாருங்கள்" என்று ஓர் இணைப்பு மட்டும் வந்தால், "தம்பி", "மகன்" என்று அழைத்துப் பேசிப் பழகிய நமக்கு அது சுடும். அனுப்பியவருக்கோ அது ஓர் உதவி. இணைப்பைத் திறந்து படித்துவிட்டு, புரியாத இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பதில் சொல்வோரை எரிச்சலூட்டியிருக்கக் கூடிய காரணங்கள் அநேகமாக மூன்று. ஒன்று, அதே கேள்வியை ஒரே நேரத்தில் நான்கு குழுக்களில் போட்டது. ஒரு குழுவில் தீர்ந்ததை அறியாமல் இன்னொரு குழுவில் ஒருவர் இரவு விழித்துப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். போட்டேதான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் மற்றவற்றின் இணைப்பைக் கொடுங்கள். இரண்டு, முன்பு ஒருமுறை உதவியவரின் இன்பொக்சுக்குள் நேரே போனது. மூன்று, ஒப்படையின் வினாவை அப்படியே ஒட்டியது. ஒப்படை என்றால் ஒப்படை என்றே சொல்லி, நீங்கள் எழுதிய அளவையும் நின்ற இடத்தையும் காட்டினால் பலர் உதவுகிறார்கள்.

இவை எதுவும் இல்லாமலும் சிலர் ஏசுவார்கள். அதற்கு மறுமொழி எழுத வேண்டாம். குழுவின் நிர்வாகிக்கு அறிவித்துவிட்டு விலகுங்கள். பெண்கள் பெயரில் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலைவிடத் தனிச்செய்திகளே அதிகம் வருவதாக என் மாணவிகள் சொல்கிறார்கள். அவர்களில் சிலர் பால் தெரியாத பெயரில் கேட்கிறார்கள், அதில் தவறில்லை.

## அறிகுறி 6: என் ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கவில்லை

இலக்கணப் பிழையால் பதில் வராமல் போன கேள்வியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் ஒரு விடயம் என்று குறுகிய வாக்கியங்களாக எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் பிழைச்செய்தியையும் நிரலையும் அதற்குள் இடாதீர்கள், அவை சொல்லுக்குச் சொல் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தையே எடுத்துக்காட்டாகத் தர வேண்டிய கேள்விகளில் நம் பகுதிக்கே உரிய பழுது ஒன்று உண்டு. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அதில் "தமிழ்" என்று திரையில் தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தளத்தில் ஒட்டியவுடன் அந்த வேடம் கலைந்துவிடும். கேள்வியைப் போடும் முன் உங்கள் எழுத்தை நோட்பேடில் ஒட்டி, பாமினி அல்லாத எழுத்துருவில் அது தமிழாகவே தெரிகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 7: கேள்வியோடு இரகசியமும் போய்விட்டது, அல்லது அந்நியர் ஒருவர் உதவ வருகிறார்

இதில் படிப்படியாகப் பார்ப்பதற்கு நேரமில்லை. நிரலோடு கடவுச்சொல்லையோ, ஓர் இணையச் சேவையை நிரல் வழியே பயன்படுத்தத் தரும் ஏ.பி.ஐ. திறவுகோலையோ ஒட்டிவிட்டால், செய்தியை அழிப்பது போதாது. நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் "கிட்" கருவியில் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருக்கும். அந்தத் திறவுகோலை உடனே செல்லாததாக்கிப் புதியதை எடுங்கள், அதன் பிறகு செய்தியை அழியுங்கள். மாணவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள கோப்பை மாதிரிக்காகப் பதிவேற்றியிருந்தால் அதை நீக்கிவிட்டு, கற்பனைப் பெயர்களோடு மூன்று வரிகள் கொண்ட கோப்பைப் போடுங்கள்.

"உத்தியோகபூர்வ உதவிப் பிரிவு" என்று சொல்லிக்கொண்டு தனிச்செய்தியில் வந்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளின் எண்ணையோ கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையோ கேட்பவருக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இணையத் தொடர்பைத் துண்டித்து, முதலில் வங்கியை அழையுங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு முறையிடுங்கள். ஒரு மென்பொருளில் பாதுகாப்புக் குறை ஒன்றை நீங்களே கண்டுபிடித்திருந்தால், அதைப் பொதுவில் கேள்வியாகப் போடாமல் அந்தத் திட்டத்தாருக்குத் தனியாக அறிவியுங்கள்.

## அறிகுறி 8: சிக்கல் தீர்ந்தது, கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது

பதில் பயன்பட்டால் அதை ஏற்றுக்கொள்ளும் சரிக்குறியை இடுங்கள். வட்ஸ்அப்பில் என்றால் உங்கள் பழைய செய்திக்கே மறுமொழியாக முடிவை எழுதுங்கள். "சரியாகிவிட்டது, நன்றி" என்பது போதாது. தேடிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு வருபவருக்கு எப்படிச் சரியாயிற்று என்பதே வேண்டும். நீங்களாகவே கண்டுபிடித்திருந்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதலாம். அதைத் தளங்கள் வரவேற்கின்றன.

காத்தான்குடி இளைஞர் தமது கேள்வியின் கீழ் நான்கு வரிகள் எழுதினார். அச்சுப்பொறி 80 மி.மீ., அங்குலத்துக்கு 203 புள்ளிகள். வரியை 576 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்பினேன். நீண்ட பொருட்பெயர்களை இரண்டாம் வரிக்கு மடிக்க வேண்டியிருந்தது. முன்பைவிட ஒரு சீட்டு அச்சாகச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது. நான்காவது வரி தம் மென்பொருளுக்குக் குறையாகத் தெரியும் என்று அவர் அதை நீக்கப் பார்த்தார். அடுத்து வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார் என்று சொல்லி அதை அப்படியே வைக்கச் சொன்னேன்.